மீண்டும் ஒரு தவணை

பங்கு இல்லங்களில் பழைய பொருள்கள் எப்படியோ சேர்ந்துவிடுகின்றன. பங்குத்தந்தை ஒருவர் மாற்றலாகிச் செல்லும்போது தம் உடைகளையும் நூல்களையும் எடுத்துச் செல்வார், மற்றவை தங்கிவிடும். ஓடாத கடிகாரம், சங்கிலி அறுந்த தூபக்கலசம், ஒலி எழுப்பாத ஒலிபெருக்கி, யார் கொடுத்ததென்று எவருக்கும் நினைவில்லாத படங்கள். நமது பங்கு இல்லத்து மர அலமாரியில், அத்தகைய பொருள்களுக்கிடையே, பழைய வேட்டி ஒன்றில் சுற்றப்பெற்று ஒரு மடிக்கணினி நான்கு ஆண்டுகள் கிடந்தது. அதனை மீண்டும் எழச் செய்த கதையை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம். கதை கணினியைப் பற்றியதே எனினும், நமது குற்றம் ஒன்றும் அதனுள் அடங்கியிருக்கின்றது. அதனை மறைத்துவிட்டுச் சொன்னால் கதை பாதியாகிவிடும்.

அக்கணினி நம் பங்கின் வேதியருக்கு உரியது. அவர் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் தமிழ்த் தட்டச்சு பயின்று தேறியவர். ஓய்வுக்காலத் தொகையில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு 2010ஆம் ஆண்டில் இம்மடிக்கணினியை வாங்கினார். பேரப்பிள்ளைகளின் விளையாட்டுக்கென்றே வாங்கியதாக வீட்டார் எண்ணினர். அவரோ மறு ஆண்டு முதல், காலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து, 1908 முதல் 1951 வரையிலான பழைய திருமுழுக்குப் பதிவேட்டை வரி வரியாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

அஃது எளிய பணியன்று. பதிவேட்டின் முற்பகுதி இலத்தீனில் எழுதப்பெற்றது. அயல்நாட்டு மறைப்பணியாளர்கள் தங்கள் செவிக்குப் பட்டவாறு எழுதி வைத்த தமிழ்ப் பெயர்களைப் படித்து, இது சவரிமுத்து, இது சின்னப்பன், இது அருளாயி என்று தெளிவதற்கு ஊரையும் குடும்பங்களையும் அறிந்த ஒருவர் வேண்டும். நம் வேதியர் அறிந்திருந்தார். அதனால் ஏட்டில் இல்லாத ஒரு பத்தியையும் தாமே சேர்த்துக்கொண்டார். ‘குறிப்பு’ என்பது அதன் தலைப்பு. இன்னார் கீழத்தெரு கொத்தனார் வீடு, இன்னார் கொழும்புக்குப் பிழைக்கப் போய்த் திரும்பவில்லை, இன்னாரும் இன்னாரும் இரட்டையர் என்றெல்லாம் முதியவர்களிடம் கேட்டறிந்ததை அதில் எழுதினார். 2017ஆம் ஆண்டில் பணி நிறைவெய்தியது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்த அந்த இரவில் பங்கு இல்லத்தின் கூரையும் பறந்தது. பதிவேடுகள் இருந்த அலமாரியில் விடிய விடிய மழை இறங்கிற்று. பிற்காலப் பதிவுகளுக்கு மறைமாவட்ட அலுவலகத்தில் படி இருந்தது. அந்தப் பழைய ஏட்டுக்கு மட்டும் வேறு படி இல்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிப் பூஞ்சணம் பூத்துவிட்டன. வேதியரோ தம் கணினியை முன்னதாகவே நெகிழித் தாளில் பொதிந்து பெட்டியிலிட்டுப் பரண்மீது ஏற்றி வைத்திருந்தார். நாற்பத்து மூன்று ஆண்டுக் காலப் பதிவுகள் அன்று முதல் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே உயிர் வாழ்ந்தன.

நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்றது 2019 ஜூன் திங்களில். 2020ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில் ஒருநாள் வேதியர் கணினியோடு வந்தார். “சாமி, எனக்கும் வயதாகிவிட்டது, இதற்கும் வயதாகிவிட்டது. இதில் உள்ளதை வேறொன்றில் எடுத்து வைத்துவிட வேண்டும். வெளியே வைத்துக்கொள்ளும் வன்தட்டு ஒன்று வாங்கித் தந்தால் போதும்” என்றார். “கிறிஸ்து பிறப்பு விழா முடியட்டும், ஐயா” என்றோம். விழா முடிந்தது. தவக்காலம் வந்தது. “பாஸ்கா முடியட்டும்” என்றோம். பாஸ்காவும் முடிந்தது, கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்தது. 2021 ஜூன் திங்களில் வேதியரை நாமே அடக்கம் செய்தோம்.

சில வாரங்கள் கழித்து அவருடைய மகன் கணினியைத் தந்தையாரின் வேட்டி ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்து நம்மிடம் ஒப்படைத்தார். ஒருநாள் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். சிறு விளக்கு எரிந்தது. திரை இருண்டே இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதே வேட்டியில் சுற்றி அலமாரியில் வைத்தோம். பங்குகளில் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் இருத்தல் வேண்டும் என்றும், பழைய பதிவேடுகளைக் கவனமுடன் காத்தல் வேண்டும் என்றும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 535ஆம் விதியில் பணிக்கின்றது. குருமடத்தில் அவ்விதியைப் படித்துத் தேர்வும் எழுதினோம். தேர்வில் தேறினோம் என்பதும் நினைவிருக்கின்றது.

2025 அக்டோபர் தொடக்கத்தில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கைத்தடி ஊன்றிப் பங்கு இல்லத்துக்கு வந்தார். வயது எண்பத்தொன்று. கல்லறைத் திருநாளுக்குப் பெயர் கொடுக்க வந்திருந்தார். ஆண்டுதோறும் அவர் தரும் சீட்டில் கணவர் பெயரும் தந்தையார் பெயரும் இருக்கும். தாயின் இடத்தில் ‘என் தாய்’ என்று மட்டும் இருக்கும். அது நமக்குத் தெரியும். ஏன் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அன்று அவரே சொன்னார்.

“என்னைப் பெத்துப் போட்ட அன்னைக்கே எங்க அம்மா போய்ட்டாங்க, சாமி. அப்பா பாப்பு, பாப்புன்னுதான் சொல்லுவாரு. என் கல்யாண ஏட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. ஞானஸ்நானப் பேரு எனக்குத் தெரியாது. உபதேசியார்தான், ‘ஏட்டுல இருக்கும்மா, டைப் அடிச்சிட்டேன், ஒருநாள் எடுத்துச் சொல்றேன்’னு சொன்னாரு. அவரும் போய்ட்டாரு. அந்தப் பெட்டி உங்ககிட்டதானே இருக்கு? இந்த வருஷமாவது எங்க அம்மா பேரைச் சொல்லிப் பூசை வைக்க முடியுமா?”

நாம் மறுமொழி சொல்லத் தெரியாமல் நின்றோம். அன்று மாலையே வேட்டியை அவிழ்த்தோம்.

நகரத்தில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டு, “மதர்போர்டு போய்விட்டது, ஃபாதர். எடைக்குப் போட்டுவிடுங்கள்” என்றார். அவர் சொன்னதில் தீய எண்ணம் ஏதுமில்லை. பதினைந்து ஆண்டுப் பழைய கணினிக்காக நேரத்தைச் செலவிடுவது அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால், ‘எழவில்லை’ என்பதற்கும் ‘இறந்துவிட்டது’ என்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதை நாம் அறிந்தது, தீபாவளி விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நம் பங்கு இளைஞர் ஒருவரிடமிருந்துதான். அவர் திருச்சியில் கணினி பழுதுபார்க்கும் பணியிலிருக்கின்றார்.

அவர் முதலில் கருவியைத் தொடவில்லை, கேள்வி கேட்டார். “கடைசியாக எப்போது ஓடியது, சாமி? பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது?” நாம் சொன்னோம். அவர் விளக்கினார்: “எதுவுமே நடக்காவிட்டால் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து, மின்விசிறியும் சுழன்று, திரை மட்டும் இருண்டிருந்தால் நினைவகத்தையோ திரையையோ பார்க்க வேண்டும். எழுத்துகள் தோன்றி நடுவில் நின்றுவிட்டால் வன்தட்டையும் உள்ளிருக்கும் நிரல்களையும் பார்க்க வேண்டும். இது இரண்டாவது வகை. நம்பிக்கை உண்டு.”

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கினார். அடாப்டரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தார்; மேலே அச்சிட்டிருந்தபடி 19 வோல்ட் சரியாக வந்தது. மின்கலத்தைக் கழற்றினார். நான்கு ஆண்டுகள் சும்மா கிடந்ததில் அதன் வயிறு உப்பியிருந்தது. “இதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சாமி. லித்தியம், தீப்பிடித்துவிடும்” என்று வெளியே மணலின்மேல் தனியே வைத்தார். மின்கலமும் அடாப்டரும் இல்லாத நிலையில் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். உள்ளே எஞ்சிய மின்னூட்டம் இவ்வாறு வடிந்துவிடுமாம். சில கணினிகள் இவ்வளவிலேயே எழுந்துவிடுவதும் உண்டாம். நம்முடையது எழவில்லை. இருண்ட திரையின்மேல் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, மங்கலாகவேனும் உருவம் தெரிகின்றதா என்று பார்த்தார். தெரிந்தால் திரையின் பின்னொளி மட்டுமே பழுது. ஒன்றும் தெரியவில்லை.

அடுத்துப் பின்மூடியைத் திறந்தார். ஒவ்வொரு திருகாணியையும் எடுத்த இடத்தின் வரிசைப்படியே ஒரு தாளின்மேல் அடுக்கினார். உள்ளே தூசியும் பல்லி முட்டை ஓடுகளும் இருந்தன. கடற்கரை ஊரின் உப்புக்காற்று உலோக முனைகளில் பாசி நிறம் ஏற்றியிருந்தது. நாம் கணினி எழுவதையே எண்ணிக்கொண்டிருக்க, அவர் முதலில் வன்தட்டைக் கழற்றினார். “பெட்டி பிழைக்கிறதோ இல்லையோ, உள்ளே இருப்பதை முதலில் காப்பாற்ற வேண்டும், சாமி” என்றார். தம்முடைய கணினியோடு ஒரு வடத்தால் அதனை இணைத்துச் செவியை அருகில் வைத்துக் கேட்டார். ‘கடக், கடக்’ என்று ஒலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டுமாம். விடாமல் முயன்றால் இருப்பதும் அழியுமாம். வன்தட்டு அமைதியாகச் சுழன்றது. அதில் எதையும் எழுதாமல், இருந்தது அனைத்தையும் படியெடுத்தார்.

நாம் பெருமூச்சு விட்டோம். ஆனால் கோப்புகள் திறக்கவில்லை. வேதியர் பயன்படுத்தியது தனக்கென்று ஒரு கோப்பு வடிவம் கொண்ட பழைய தமிழ் நிரல். அது அந்த ஒரு கணினிக்கென்றே பதிவு செய்யப்பெற்றது. விற்றவரின் கடையும் இப்போது இல்லை. எழுத்துகள் நம் கையில் இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தது அந்த முதிய கணினி ஒன்றுதான். ஆகவே அது எழுந்தே ஆக வேண்டியதாயிற்று.

இளைஞர் நினைவகப் பலகைகளைக் கழற்றினார். ராம் என்று வழங்கும் அவை விரல் நீளத்தில் இரண்டு இருந்தன. உடலில் தங்கிய நிலைமின்சாரம் அவற்றைக் கெடுக்காதிருக்க, சன்னலின் இரும்புக் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பிறகு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளையிடம் வாங்கிய பென்சில் ரப்பரால், பலகையின் ஓரத்திலிருந்த பொன்னிற முனைகளை மெல்லத் தேய்த்தார். துளைகளைத் தூரிகையால் துடைத்தார். இரண்டையும் பொருத்தினார்; இருள். ஒன்றை மட்டும் பொருத்தினார், இருள். மற்றொன்றை முதல் துளையில் பொருத்தினார், இருள். அதனையே இரண்டாம் துளையில் பொருத்திப் பொத்தானை அழுத்தினார். மின்விசிறி சுழன்றது. நாம் பத்து வரை எண்ணியிருப்போம். கறுப்புத் திரையில் வெள்ளெழுத்துகள் தோன்றின.

எழுந்த கணினிக்கு அன்றைய நாள் தெரியவில்லை. நேரமும் தேதியும் தவறு என்று அதுவே அறிவித்து, தான் செய்யப்பட்ட காலத்துத் தேதியைக் காட்டிற்று. உள்ளே நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. 2032 என்பது அதன் எண். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதே அந்த எண்ணின் பொருளாம். கணினி உறங்கும்போதும் நாளையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அந்த மூன்று வோல்ட் காசுதான். அது தீர்ந்திருந்தது. ஐம்பது ரூபாய்க்குள் புதியது வாங்கிப் பொருத்தினோம். வன்தட்டையும் திரும்பப் பொருத்தியதும் வேதியர் விட்டுச் சென்ற திரை அவ்வாறே விரிந்தது. அவருடைய பேரக்குழந்தையின் படம் பின்னணியில் இருந்தது. “இதை இணையத்தில் மட்டும் இணைக்காதீர்கள், சாமி” என்று இளைஞர் எச்சரித்தார். அதிலிருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு பாதுகாப்பு நிறுத்தப்பட்டுவிட்டது.

1944ஆம் ஆண்டின் பக்கங்களைத் தேடினோம். மூதாட்டியின் திருமுழுக்கு அங்கே இருந்தது. தந்தை பெயருக்கு அருகில் தாயின் பெயர், முழுமையாக. அப்பெயரைக் கொண்டு பின்னோக்கித் தேடியபோது, 1925இல் அந்தத் தாய் குழந்தையாய்த் திருமுழுக்குப் பெற்ற பதிவும் கிடைத்தது. ‘குறிப்பு’ என்ற பத்தியில் வேதியர் எழுதியிருந்தார்: பேறுகாலத்தில் இறந்தவர்; மகளுக்குச் சொல்ல வேண்டும்.

‘சொல்ல வேண்டும்’ என்ற அவ்விரு சொற்களைக் கடந்து செல்ல நம்மால் நெடுநேரம் இயலவில்லை. நம்மினும் பன்மடங்கு கருத்துடையவர் அவர். அவருக்கும் ஒருநாள் குறைந்துவிட்டது. அவருடைய ஒருநாள் குறைந்ததில் நமது ‘விழா முடியட்டும்’ எத்தனை பங்கு வகித்தது என்பதைக் கடவுளே அறிவார்.

அன்றிரவு, இதனை உயிர்ப்பு என்று அழைத்து ஒரு மறையுரை ஆற்றிவிடலாம் என்று மனம் துள்ளியது. ஆயினும் குருமடத்தில் இறையியல் கற்பித்த பேராசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்து தடுத்தார். இலாசர் எழுந்ததும் ஆண்டவர் உயிர்த்ததும் ஒன்றல்ல என்று அவர் வற்புறுத்திச் சொல்வார். ஆண்டவர் இனி இறவா நிலைக்கு உயிர்த்தார். இலாசரோ கட்டுகளோடு வெளியே வந்து, பழைய வாழ்வையே தொடர்ந்து, பின்னொருநாள் மீண்டும் இறக்க வேண்டியவராயிருந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு தவணை. வேட்டிக்குள்ளிருந்து எழுந்த இக்கணினிக்கும் கிடைத்தது அதுவே. இளைஞரும் தம் மொழியில் அதனையே சொன்னார்: “எவ்வளவு நாள் ஓடும் என்று சொல்ல முடியாது, சாமி. ஓடும்போதே வேலையை முடித்துவிடுங்கள்.”

இம்முறை நாம் எந்த விழாவும் முடியட்டும் என்று சொல்லவில்லை. அந்த இரவும் மறுநாள் இரவும் இளைஞர் உடனிருந்தார். பதிவுகள் அனைத்தையும் அந்நிரலிலிருந்து வெளியே எடுத்தோம். தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை ஒட்டிய பழைய பாமினி எழுத்துருவில் அவை இருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகவும், மெய்யெழுத்தின் புள்ளிகளெல்லாம் அரைப்புள்ளிகளாகவும் தோன்றின. எந்தக் கணினியும் கைப்பேசியும் படிக்கக்கூடிய ஒருங்குறிக்கு அவற்றை மாற்றினோம். அன்பியத்துப் பெண்கள் சிலர் முதியவர்களை அருகில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்த்தனர். இப்போது அப்பதிவுகள் பங்கு அலுவலகத்தில் ஒரு வன்தட்டிலும், மறைமாவட்ட அலுவலகத்தில் மற்றொன்றிலும், கெட்டி அட்டையிட்ட தாள் ஏடாகவும் இருக்கின்றன. தட்டச்சுப் படி மூலப் பதிவேடு ஆகிவிடாது என்பதை அறிவோம். மூலம் அழிந்தபின் எஞ்சியது இது ஒன்றே என்பதையும் அறிவோம்.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். இறந்தோர் பெயர்களைப் படிக்கும்போது அந்தத் தாயின் பெயரையும் படித்தோம். மூதாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அழவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்தார். திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்து, “இன்னொரு தரம் சொல்லுங்க, சாமி” என்றார். சொன்னோம். அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எண்பத்தொரு ஆண்டுகளில் அவர் தம் தாயைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் முறை. அப்பெயரை இங்கே எழுதவில்லை. அது அவருக்குரியது.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு காலைப்பொழுது கணினியின் பொத்தானை அழுத்தினோம். விளக்கு எரிந்தது; திரை இருண்டிருந்தது. பலகைகளைக் கழற்றித் துடைத்து மாற்றிப் பொருத்தியும் எழவில்லை. அதன் தவணை முடிந்தது. இம்முறை நாம் கலங்கவில்லை. அது சுமந்திருந்ததை இறக்கி வைத்துவிட்டது. அதே வேட்டியைத் துவைத்து, அதில் சுற்றி, வேதியரின் மகனிடம் கொண்டுசென்று கொடுத்தோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்து அலமாரியிலும் எழாத கணினியோ கைப்பேசியோ ஒன்று இருக்கக்கூடும். எடைக்குப் போடுவதற்குமுன் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு ரப்பரும் ஒரு காசு மின்கலமும் போதுமானவையாக இருக்கலாம். எழுந்தால், முதலில் உள்ளிருப்பதைப் படியெடுங்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் எழுந்து நடமாடும் முதியவர் ஒருவர் இருப்பார். அவர் ‘ஒருநாள் சொல்கிறேன்’ என்று வைத்திருப்பதை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வரும் மே திங்களில் நமக்கும் மாற்றல் வரக்கூடும். அடுத்து வரும் பங்குத்தந்தைக்குச் சொல்ல வேண்டியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருக்கின்றோம். முதல் பக்கத்தில் அந்த மூன்று படிகளும் எங்கெங்கே இருக்கின்றன என்பதை எழுதியாயிற்று.